ஆறாவது பாட்டுக்குப் பிறகு

மட்டக்களப்பு
12.08.2024

அன்பின் தம்பி நவம்,

நான் சுகம். முழங்கால் மட்டும் காலையில் எனக்கு முன்னமே எழும்பி முனகத் தொடங்குகிறது. நீயும் மகள் தேனுகாவும் மருமகனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

தேனுகா கனடாவிலிருந்து போனில் எல்லாம் சொன்னாள். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்களாம். கழுத்தில் ஓட்டை போட்டு அதால்தான் மூச்சு விடுகிறாயாம். கேட்ட அன்று மத்தியானம் நான் அடுப்பு மூட்டவில்லை. கலியாண வீட்டில் மைக்கைக் கையில் கொடுத்தால் பந்தி முடிந்து வாழையிலை எடுக்கும்வரை விடாத ஆள் நீ. அமெரிக்கப் பாட்டுக்காரன் லொயிட் கார்வரின் பாட்டைப் பாடிப் பாடி உன் சொந்தப் பெயரையே ஊர் மறந்து 'கார்வர்' என்று கூப்பிட்டது. அந்தத் தொண்டைக்கா இது வரவேண்டும்.

பக்கத்து வீட்டுக் கௌசி, 'வட்ஸ்அப்பில பேசி அனுப்புங்க அன்ரி, அவர் கேட்பார்தானே' என்கிறாள். நான் பேச, நீ பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சரிவராது. ஆகையால் கடிதம். முப்பது வருஷம் அரிவரிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்த கைதானே.

ஒரு காரியமாகவும் எழுதுகிறேன். என் பிள்ளை கஜீவனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோய் அடுத்த மாதத்தோடு முப்பத்து நாலு வருஷம். மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்து போனார்கள். மாட்டேன் என்றே நின்றேன். இப்போது எனக்கு எழுபத்தைந்து. நான் கண்ணை மூடினால் அவனுக்கு ஒரு கிரியை செய்ய ஆளில்லை. வருகிற தைக்குப் பிறகு கையெழுத்து வைத்து அந்தியேட்டியும் முடித்துவிடலாம் என்று தீர்மானித்துவிட்டேன்.

அதற்கு முன் அவன் குரலை ஒருதரம் கேட்க வேண்டும். இங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. உன்னிடம்தான் இருக்கிறது. 1990 ஆவணியில், கொழும்புக்குப் போய்வருகிற யோசப் மாஸ்டரிடம் பேசிப் பதிந்து கொடுத்துவிட்ட கசற். அதை அனுப்பு.

வேறு விசேஷம் இல்லை.
அக்கா,
கோணேஸ்வரி

*

ஸ்ரௌவ்வில்
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். அரிவரி எழுத்தைக் கண்டதும் பிரம்படி விழுந்த இடம் கூசியது. இங்கே தேனுகாவும் மருமகனும் நலம். நானும் தின்று, தூங்கி, சண்டைக்குப் போகாமல் இருக்கிறேன். சண்டை போட வாய் வேண்டுமே. தேனுகா ஒரு வெள்ளைப் பலகை வாங்கித் தந்திருக்கிறாள். 'தேத்தண்ணிக்குச் சீனி காணாது' என்று எழுதி முடிக்குமுன் தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

அஜின்கோர்ட்டில் இருந்தபோது படி இறங்கினால் தமிழ்க்கடை, பஸ், நாலு தெரிந்த முகம். இந்த ஸ்ரௌவ்வில்லில் புது வீடு, பெரிய வீடு, ஆனால் கார் இல்லாமல் ஒரு கட்டு வெற்றிலைகூட வாங்க முடியாது. பகலில் எல்லோரும் வேலைக்குப் போனதும் பேஸ்மென்றில் நானும் கார்வரும்தான். அவன் செத்து அறுபது வருஷம். இன்னும் புது இசைத்தட்டு வருகிறது, தெரியுமா? அவன் போன பிறகு கம்பனிக்காரர் பழைய பதிவிலிருந்து குரலை மட்டும் எடுத்து, அதன்மேல் புது வயலின், புது கிற்றார் எல்லாம் வைத்து விற்றார்கள். மைக்குக்கு அருகில் நின்று காதுக்குள் பேசுவது மாதிரிப் பாடுகிறவன். அந்தக் குரலுக்கு மேல் எதை வைத்தாலும் அது அமுங்கவில்லை.

கசற்றுகள் எல்லாம் கராஜில் பெட்டியில் கிடக்கின்றன. நீங்கள் பேசி அனுப்பின ஒன்றையும் நான் எறியவில்லை. சென்ரிச் சோதனையில் ஆமிக்காரன் போட்டுப் பார்த்தால் இங்கிலிஷ் பாட்டுக் கேட்க வேண்டும், ஆகையால் பி பக்கத்தில் கார்வரின் மூன்று பாட்டு, அதற்குப் பிறகு உங்கள் பேச்சு. எத்தனை கசற் அப்படி வந்தது. மூன்றாவது பாட்டு முடிகிறபோது எங்கள் அறையில் இருந்த ஆறு பேரும் சமையலை விட்டுவிட்டு வந்து குந்துவார்கள்.

ஆனால் அக்கா, நீங்கள் கேட்கிற கடைசிக் கசற்றில் பேச்சு இல்லை. எனக்கு நல்ல நினைவு. மூன்று பாட்டு முடிந்தது, நாலாவதும் பாட்டாகவே போனது. இந்த முறை பேச வசதிப்படவில்லை, எனக்குப் பிடிக்குமென்று வெறும் பாட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வேறு கசற்றுகளில் கஜீவன் பேசியிருப்பான். தேடி அனுப்புகிறேன்.

முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள்.
அன்புத் தம்பி,
நவரட்ணம்

*

மட்டக்களப்பு
03.10.2024

தம்பி நவம்,

சுகம். நீயும் சுகமாய் இரு.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். வெறும் பாட்டு என்று எழுதியிருக்கிறாய்.

அந்த நேரம் சென்ரியில் புதிதாக ஒரு சின்னப் பெடியன் நின்றான். யோசப் மாஸ்டர் ஆடியில் ஒரு கசற் கொண்டுபோனபோது அவன் போட்டுப் பார்த்திருக்கிறான். பாட்டு அவனுக்குப் பிடித்துப்போனது. மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, ஒன்று முடிய மற்றது, மற்றது முடிய மற்றது என்று கேட்டானாம். இரண்டாவது முடிந்து மூன்றாவது பாதியில் பெரியவன் யாரோ கூப்பிட்டதால் மாஸ்டரின் தலை தப்பியது. திரும்பி வந்து என் வாசலில் குந்தித் தண்ணீர் கேட்டார்.

ஆகையால் கடைசிக் கசற்றில் பேச்சை ஆறாவது பாட்டுக்குப் பிறகு வைத்தோம். பி பக்கம், ஆறாவது பாட்டு முடிந்ததும். கஜீவன்தான் பேசினான், பக்கம் முடியும்வரை. மற்றக் கசற்றுகளில் எல்லாம் நான்தான் பேசினேன், அவன் குரல் இது ஒன்றில்தான்.

போட்டுக் கேள். கேட்டுவிட்டு அனுப்பு.

அக்கா

*

ஸ்ரௌவ்வில்
05.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கழுத்துத் துவாரத்துக்குத் துணி கட்டாமல் வெளியே போனால் நெஞ்சுக்குள் ஊசி இறங்குகிறது. உங்களுக்கு அங்கே மழை தொடங்கியிருக்கும், ஒழுகுகிற பக்கத்துக்கு ஓடு மாற்றினீர்களா?

சனிக்கிழமை தேனுகா கராஜில் பெட்டிகளைக் கிண்டி ஒரு கசற்றைக் கொண்டு வந்தாள். 'கலைவிழா ஒத்திகை 90' என்று என் கையெழுத்து. மருமகன் யாரிடமோ பழைய பிளேயர் ஒன்று வாங்கி வந்தார். போட்டால் நான் பாடுகிறேன். முப்பத்து மூன்று வயதுக் குரல். 'அப்பா, திஸ் இஸ் யூ, ரைட்? இது நீங்களா அப்பா?' என்று அவள் கேட்டுவிட்டு நிலத்தில் இருந்து அழத் தொடங்கிவிட்டாள். கலியாண வீடியோக்களில் பாண்ட் சத்தம்தான் இருக்கிறது, என் குரல் தனியாக இருப்பது இது ஒன்றுதானாம். உடனே போனில் பதிந்துகொண்டாள்.

உங்கள் கசற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பெட்டிகள் நிறைய. வீடு மாறும்போது எல்லாம் கலந்துவிட்டது. அதற்கிடையில் கார்வரின் பாட்டு முழுவதையும் தேனுகா கொம்பியூட்டரில் சொருகுகிற ஒரு சின்னக் குச்சியில் ஏற்றித் தந்திருக்கிறாள். இதனோடு அனுப்புகிறேன், கௌசியிடம் கொடுத்துப் போட்டுக் கேளுங்கள். கஜீவனுக்குப் பிடித்த பாட்டுகளும் இருக்கின்றன.

தம்பி,
நவரட்ணம்

*

மட்டக்களப்பு
08.12.2024

தம்பி நவம்,

உடம்பு தேவலை. ஓடு மாற்றவில்லை, வாளி வைத்திருக்கிறேன். உன் பழைய குரல் கிடைத்தது கேட்டுச் சந்தோஷம். தேனுகா அழுததை நினைத்து நானும் அழுதேன்.

குச்சியைத் திருப்பி அனுப்புகிறேன். கார்வர் எனக்கு வேண்டாம்.

அந்தக் கசற்றில் என்ன இருக்கிறது என்பது உனக்கு ஒருவேளை மறந்திருக்கலாம், அல்லது நீ எழுதினமாதிரி தெரியாமலே இருக்கலாம். ஆகையால் சொல்கிறேன். அந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு பெடியன்களைக் கொண்டுபோனார்கள். கொழும்பில் ஒருவர் கஜீவனை வெளிநாடு அனுப்ப ஒழுங்கு செய்து வைத்திருந்தார். கனடாவில் வந்து இறங்கினால் பொறுப்பெடுக்க நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் காணும் அவருக்கு. நீ கொழும்பில் யோசப் மாஸ்டர் தங்குகிற லொட்ஜுக்குப் போன் எடுத்து 'ஓம்' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும், அவன் வாகரையில் சின்னம்மா வீட்டுக்குப் போய் ஒளிந்திருப்பான். இதைத்தான் அவன் பேசினான்.

நாற்பத்தொரு நாள் பார்த்தோம். மாஸ்டர் லொட்ஜில் சொல்லி வைத்திருந்தார், கனடாவிலிருந்து ஒரு போனும் வரவில்லை. வாகரைக்குப் போ மகன் என்று நான் கெஞ்சினேன். 'நான் அங்கால போன பிறகு மாமாட பதில் வந்தா என்னம்மா செய்யிறது' என்றான். புரட்டாதி பன்னிரண்டு, காலை பத்து மணி. ஜீப் வந்தபோது அவன் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றான். சேட்டுப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கேட்டான். விடவில்லை.

அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதின கடிதத்தில், 'கேள்விப்பட்டு மனம் உடைந்தேன், கடவுள் காப்பாற்றுவார்' என்று இருந்தது. கசற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மாசி முதல் கிழமை சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்க அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா

*

ஸ்ரௌவ்வில்
30.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மன்னியுங்கள். இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம். ஒரு கடிதமும் போகவுமில்லை, வரவுமில்லை. உங்கள் கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. ஸ்ரௌவ்வில்லில் பனி முழங்கால் மட்டும் நிற்கிறது, மருமகன் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வழிக்கிறார். தேனுகா நலம். உங்கள் நலத்துக்கும் கும்பிடுகிறேன்.

அக்கா, கசற் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு கரைச்சல். பிளேயரில் போட்டவுடன் நாடா சுத்துப்பட்டு அறுந்துபோனது. பழைய நாடா, குளிரில் கிடந்தது, பச்சை மூடி போட்ட பெட்டியின் அடியில், மருமகனின் பனிச்சப்பாத்துக்குக் கீழே. அஜின்கோர்ட்டில் பழைய கசற்றுகளைத் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். கடைக்கு முன்னால் நீலப் பலகை, பக்கத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை. அவர் இரண்டு மாதம் ஆகும் என்கிறார். உத்தரவாதம் தரமாட்டாராம்.

கையெழுத்து வைப்பதைக் கொஞ்சம் பிற்போட முடியுமா?

தம்பி,
நவரட்ணம்

*

மட்டக்களப்பு
24.02.2025

நவம்,

வேலைநிறுத்தம் மார்கழியிலேயே முடிந்துவிட்டது. கௌசியின் தமையன் ஒஷாவாவில் இருக்கிறான். அவன் அனுப்பின கார்ட் புதுவருஷத்துக்கு முதல் இங்கே வந்துவிட்டது.

சின்ன வயதில் நீ பொய் சொன்னால் எனக்கு உடனே தெரியும். உண்மை என்றால் ஒரு வரியில் சொல்லுவாய். பொய் என்றால் மூடியின் நிறம், சப்பாத்து, கொத்துரொட்டிக் கடை எல்லாம் வரும். ஐயாவின் பேனையை உடைத்த அன்றும் இப்படித்தான், வீதியால் போன மாட்டுக்குக் கொம்பு எத்தனை என்றுகூடச் சொன்னாய்.

மாசிக்கு நான் போகவில்லை. கேட்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன்.

கசற் அறுந்திருந்தால் அறுந்த நாடாவை அனுப்பு. அதைவிட எனக்கு ஒன்று தெரிய வேண்டும், ஒன்றே ஒன்று. முப்பத்து நாலு வருஷமாக உன்னிடம் கேட்காமல் வைத்திருந்தது. கேட்டால் நீ ஏதாவது சொல்லுவாய், சொன்னதை நான் நம்ப வேண்டும், நம்பாவிட்டால் உன்னை விட வேண்டும். எனக்கென்று மிஞ்சியிருந்தது நீ ஒருத்தன். ஆகையால்தான் வருஷத்துக்கு ஒரு கடிதம், இரண்டு வரி, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு நீ கேட்டாயா, இல்லையா?

கோணேஸ்வரி

*

ஸ்ரௌவ்வில்
29.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதத் தொடங்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் சுகமாக இருங்கள்.

கேட்கவில்லை. அதுதான் உண்மை.

நாடா அறவில்லை. தேனுகா கராஜில் கண்டெடுத்த 'கலைவிழா ஒத்திகை 90' தான் உங்கள் கசற். அன்றைக்கே எனக்குத் தெரியும். கார்த்திகையில் உங்களுக்கு எழுதும்போதும் தெரியும்.

1990இல் அது வந்தபோது நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யோசப் மாஸ்டர் கொழும்பிலிருந்து தபாலில் போட்டது, ஒரு மாதம் கடந்து புரட்டாதித் தொடக்கத்தில் வந்தது. மூன்று பாட்டுக் கேட்டேன். நாலாவது தொடங்க நிறுத்திவிட்டேன். ஏன் முழுதும் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், பாட்டென்றால் செத்துப்போகிறவன் ஆயிற்றே என்று. அக்கா, அதே இசைத்தட்டை அந்த வருஷம்தான் ஸ்காபரோவில் பழைய கடை ஒன்றில் வாங்கியிருந்தேன். உங்கள் கசற் மட்டக்களப்பு ரெக்கோர்டிங் பார் கடையில் பாட்டுப் பதிந்தது, ஒரே இரைச்சல். என்னிடம் இதைவிடத் தெளிவாக இருக்கிறபோது இதை எதற்குக் கேட்பது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று ஐந்து மாதமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

ஐப்பசியில் கலைவிழா வந்தது. இங்கே என்னை முதன்முதலாக மேடையேற்றினார்கள். ஒத்திகையைப் பதிந்து பார்க்க வெறும் கசற் தேடினேன். இது கைக்கு வந்தது. விளிம்பில் இருக்கிற இரண்டு பல்லும் உடைபட்டிருந்தன, மேலே யாரும் பதியக்கூடாது என்று. கஜீவன்தான் உடைத்திருப்பான். பாட்டுக் கசற்றுக்கு ஏன் பல்லை உடைத்திருக்கிறான் இந்தப் பெடியன் என்று சிரித்துக்கொண்டு, ஓட்டை இரண்டையும் சலோரேப்பால் ஒட்டினேன். பி பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து போட்டுப் பாடினேன். அப்போது அவனைக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் அதற்கு முதல் கிழமைதான் வந்திருந்தது. மனம் சரியில்லை, பாடினால் ஆறும் என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மையில் நன்றாகப் பாடினேன்.

அஜின்கோர்ட்டில் நீலப் பலகைக் கடை ஒன்று இருக்கிறது, அது பொய் இல்லை. தைமாதம் கசற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, என் குரலை எடுத்துவிட்டுக் கீழே இருக்கிறதைத் தரமுடியுமா என்று பலகையில் எழுதிக் காட்டினேன். 'கீழ ஒண்டும் இராது அங்கிள், பதியேக்க முதல் அழிச்சுப்போட்டுத்தான் மெஷின் பதியும்' என்றான் அந்தப் பெடியன். கார்வரின் கம்பனிக்காரர் செத்தவனின் குரலை வைத்துக்கொண்டு மேலே வாத்தியம் போட்டார்கள் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேனே. நான் அழித்துவிட்டுப் பாடியிருக்கிறேன்.

ஆனால் என் ஒத்திகை பக்கம் முடியுமுன் முடிந்துவிட்டது. கடைசியில் பதினொரு விநாடி மிச்சம். அதில் அவன் இருக்கிறான். என்ன சொல்கிறான் என்று நான் எழுதமாட்டேன், நீங்களே கேளுங்கள். கார்த்திகை இரண்டாம் திகதி அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறக்கமில்லை.

கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேனா என்றும் யோசிக்கிறேன். அறையில் ஏற்கெனவே ஆறு பேர், எனக்கே வதிவிடப் பேப்பர் இல்லை. சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இல்லை என்று சொல்லவாவது போன் எடுத்திருப்பேன். அவன் வாகரைக்குப் போயிருப்பான்.

தேனுகாவிடம் போனில் பதிந்ததை அழிக்கச் சொன்னேன். 'ஐ கான்ற் அப்பா, உங்கட வொய்ஸ் வேற எங்கயும் இல்ல' என்றாள். எல்லாவற்றையும் பலகையில் எழுதினேன். எழுத, துடைக்க, எழுத, பின்னேரம் முழுவதும் போனது. அவள் பேஸ்மென்ற் படியிலேயே இருந்துவிட்டாள். இன்னும் அழிக்கவில்லை.

ஒஷாவாவில் இருக்கிற செரீனா சித்திரைக்கு மட்டக்களப்பு வருகிறாள், தேனுகாவின் சிநேகிதி. கசற்றையும் இந்தக் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நவரட்ணம்

*

மட்டக்களப்பு
11.05.2025

தம்பி நவம்,

செரீனா வந்தாள். நல்ல பிள்ளை, தேத்தண்ணீர் குடிக்காமல் போகமாட்டேன் என்று இருந்தாள். அவள் போன பிறகு உன் கடிதத்தை வாசித்தேன். யோசப் மாஸ்டரின் மகனிடம் ஒரு பழைய ரேடியோக் கசற் பெட்டி இருந்தது, வாங்கி வந்து மத்தியானம் தனியே இருந்து போட்டேன்.

முதலில் நீ பாடுகிறாய். அரை மணித்தியாலமும் கேட்டேன். ஓட்டி விடவில்லை. உன் குரலையும் இனி எங்கே கேட்கப் போகிறேன். இரண்டாவது பாட்டில் சுருதி விலகுகிறது, மற்றதெல்லாம் நல்லாய் இருக்கிறது. கடைசியில் 'காணும் மச்சான், நிப்பாட்டு' என்கிறாய். ஒரு டிக் சத்தம். பிறகு அவன்.

'பதில் வருமட்டும் வீட்டதான் நிப்பன் மாமா. ஒரு இடமும் போகமாட்டன். சரி மாமா, வைக்கிறன். அம்மா, நிப்பாட்டுங்க.'

அன்றைக்கு அவன் சொன்னதும் நான்தான் பொத்தானை அமத்தினேன். இப்போது அமத்தவில்லை. நாடா தன்பாட்டில் ஓடி முடிந்தது. அவன் குரல் நான் நினைத்து வைத்திருந்ததைவிட மெல்லிசாக இருக்கிறது. இத்தனை வருஷமும் என் தலைக்குள் வேறு யாரோ ஒருவனின் குரலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ உண்மை எழுதியிருக்கிறாய், ஆகையால் நானும் எழுதுகிறேன். ஆறாவது பாட்டுக்குப் பிறகு வைத்தோம் என்று உனக்கு எழுதினேன். வைத்தோம் இல்லை, வைத்தேன். 'மூண்டு பாட்டு எண்டுதானேம்மா மாமாக்குத் தெரியும்' என்று அவன் சொன்னான். இரண்டு தரம் சொன்னான். சென்ரிக்காரன் பிடித்துவிடுவான் என்று பயந்து நான்தான் கேட்கவில்லை. உனக்குப் பாட்டென்றால் உயிர், கடைசி வரை கேட்பாய் என்று அவனுக்குச் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். நீ கேட்காமல் விட்டிருக்கலாம் என்று நினைக்க இந்த முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நாளும் நான் என்னை விட்டதில்லை. நினைத்தால் பழி என்னிடம் வந்து நிற்கும். நீ கேட்டுவிட்டு இருந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டால் அவனுக்காக அழலாம், உன்னைத் திட்டலாம், பிறகு எழும்பிப் பள்ளிக்கூடம் போகலாம்.

நீ கேட்கவில்லை என்று தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன். அதை இனி எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

சலோரேப்பை உரித்தேன். மஞ்சளாகிக் காய்ந்து கிடந்தது, தூளாய் வந்தது. அவன் கத்தரிக்கோல் முனையால் உடைத்த ஓட்டை இரண்டும் அப்படியே இருக்கின்றன.

தேனுகாவிடம் அழிக்க வேண்டாம் என்று சொல். அழிக்கிறதெல்லாம் அழித்து முடிந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். படிவத்தில் ஒரு கேள்வி, கடைசியாக இருந்த இடம் எது என்று. அந்தப் பிள்ளை பேனையைப் பிடித்துக்கொண்டு, 'எந்த முகாம், ஏதாவது தெரியுமா அம்மா?' என்று கேட்டாள்.

வீடு என்று எழுதச் சொன்னேன்.

கழுத்துக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

அக்கா